ஜோசபின் பட்லர்: ஆணைத் தொடாத சட்டம்

படைவீரர்களிடையே பரவிய பால்வினை நோயைத் தடுக்க 1864இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. படைநகரங்களில் பாலியல் தொழில் செய்வதாகக் காவலர் ஐயுற்ற எந்தப் பெண்ணையும் மருத்துவச் சோதனைக்கு இழுத்துச் செல்லலாம், மறுத்தால் சிறை. பணம் கொடுத்த ஆணை எவரும் சோதிக்கவில்லை. பெண்ணுக்கு அது பிழைப்பு, ஆணுக்கோ இயற்கை வேட்கை என்று 1871இல் அரச ஆணையம் இந்தப் பாகுபாட்டுக்கு நியாயமும் கற்பித்தது.

அச்சட்டத்தை எதிர்த்து நின்றவர் ஜோசபின் பட்லர். 1828இல் நார்தம்பர்லாந்தில், அடிமைமுறையை எதிர்த்த குடும்பத்தில் பிறந்தார். 1864இல் அவருடைய சிறுமகள் ஈவா மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். அத்துயரோடு லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்தவர், அங்கிருந்த ஏழையர் விடுதிக்குச் சென்றார். பழங்கயிற்றைப் பிரித்து நாரெடுக்கும் பெண்களோடு தாமும் தரையில் அமர்ந்து நார் பிரித்தார். நோயுற்ற சிலரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார். கருணை என்று இதைக் கடந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் அவர் வாதிட்டவை அனைத்தும் அந்தத் தரையில் கற்றவையே.

1869இல் பெண்களுக்கான தேசியச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். கண்ணியமான பெண்கள் வாய்திறக்கக் கூடாததாகக் கருதப்பட்ட பொருளை மேடைதோறும் பேசினார். 1870இல் கோல்செஸ்டர் இடைத்தேர்தலில், அவர் தங்கியிருந்த விடுதியைக் கும்பல் தாக்கியது. ஆயினும் சட்டத்தின் ஆதரவாளரான வேட்பாளர் தோற்றார். 1872இல் பாண்டிஃப்ராக்டில், வைக்கோல் பரணில் பெண்கள் கூட்டம் நடத்தியபோது கீழே தீ மூட்டினர். 1886இல் சட்டம் நீக்கப்பட்டது.

அவர் வாழ்வில் நமக்கு மிகுதியும் பயன்படுவது இதன் பிறகு நிகழ்ந்ததே. 1885ஆம் ஆண்டுச் சட்டம் பாலுறவுக்கு இசைவு தரும் வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தியது. பட்லர் அதற்காகப் போராடியவர். அதே சட்டம் விடுதிகளை ஒடுக்கவும் அதிகாரம் தந்தது. ஒழுக்கக் காவல் சங்கங்கள் அதைக் கையிலெடுக்க, ஏழைப் பெண்கள் தெருவுக்குத் துரத்தப்பட்டனர். பழைய தோழர்களையே பட்லர் கண்டித்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அறம் வேண்டும் என்றவர்தாம் அவர். எனினும் வயதுவந்தோரின் ஒழுக்கத்தைக் காவலர் தடியால் திருத்த முடியும் என்று நம்பவில்லை.

1999இல் ஸ்வீடன் வாங்குபவரை மட்டும் தண்டிக்கும் சட்டம் கொண்டுவந்தது. பட்லர் எதிர்த்த பாகுபாட்டை அது தலைகீழாக்கியது உண்மை. ஆனால் தண்டனை கடுமையாகும்தோறும் பேரம் இருட்டுக்கு நகர்கிறது. அங்கே ஆபத்தைச் சுமப்பவள் பெண்தான் என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் சொல்வதை ஒதுக்க முடியாது. இந்தியாவிலோ 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வாடிக்கையாளரை அழைக்கும் பெண்ணையே இன்றும் சிறைக்கு அனுப்புகிறது.

இந்தியப் பாளையங்களிலும் அரசு பெண்களைப் பதிவு செய்து சோதித்தது. படைப்பிரிவுகளுக்கு அழகிய பெண்களைத் திரட்டச் சொல்லும் 1886ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வெளிவந்தபோது லண்டன் அதிர்ந்தது. அம்முறைக்கு எதிராகவும் பட்லர் இறுதிவரை எழுதினார். ஆனால் பேரரசை அவர் கேள்வி கேட்கவில்லை. இந்தியப் பெண்களை மீட்கப்பட வேண்டியவர்களாகவே கண்டார். அப்பெண்களின் சொற்கள் இன்றி அவர்களுக்கான வாதம் நடந்தது. 1906 டிசம்பரில் பட்லர் இறந்தபோதும் பாளையங்களில் அவ்விடுதிகள் இருந்தன.