சார்ந்ததன் வண்ணம்: சேர் பொன்னம்பலம் இராமநாதன்

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்பது சைவ சித்தாந்தம் உணர்த்தும் உண்மையாகும். பளிங்குக்கல் பக்கத்திலுள்ள பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுவது போல, மனிதனும் யாருடன் கூடுகின்றானோ, எதனைக் கண்டு அனுபவிக்கின்றானோ அதன் நிறத்தை ஏற்கின்றான். அவனது கொள்கையும் நம்பிக்கையும் அதற்கேற்பவே மாறுகின்றன. களனி கங்கையைக் கடந்து கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்துக்குச் சென்று வழிபடும் வத்தளை அடியவர்கள் நன்கறிந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கை இவ்வுண்மைக்குச் சான்றாகும். அவரே அவ்வாலயத்தைக் கருங்கற் கோயிலாக எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள்.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார், சட்டநிரூபண சபையின் முதலாவது தமிழ்ப் பிரதிநிதியான குமாரசுவாமி முதலியாரின் மகளாவார். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்து சென்று பாரிஸ்டரான பேரறிஞர். செல்வம், செல்வாக்கு, ஆங்கிலக் கல்வி ஆகிய மூன்றும் நிறைந்த வீட்டிலேயே அவர் வளர்ந்தார். பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். 1879இல் மாமனார் இறைவனடி சேர்ந்தபோது அவர் வகித்த சட்டநிரூபண சபை ஆசனம் இருபத்தெட்டு வயதேயான இராமநாதனுக்குக் கிடைத்தது. அக்காலத்து உயர்குடி இளைஞர் பலரைப் போல அவரும் மேனாட்டுக் கல்வியின் நிறத்திலேயே மிளிர்ந்தார்.

எனினும் பதவியும் புகழும் வளர வளர அவரது உள்ளம் அமைதியைத் தேடியது. அந்தத் தேடல் அவரைத் தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளிடம் கொண்டுசேர்த்தது. குருவின் திருமுன் அமர்ந்த வழக்கறிஞர் மாணவராக மாறினார். தம்பி அருணாசலமும் அதே குருவின் வழியில் நின்றார். சட்ட நூல்களில் ஆழ்ந்திருந்த அறிவு சைவ சித்தாந்தத்திலும் யோகத்திலும் திளைத்தது. ஆனால் குருவருள் பெற்றவர் பிற சமயத்தை வெறுக்கவில்லை. மாறாக, கிறிஸ்தவ வேதத்தையே சைவ ஞான அனுபவத்தின் ஒளியில் விளங்கிக்கொண்டார். மத்தேயுவின் சுவிசேஷத்துக்கு 1898இலும் யோவானின் சுவிசேஷத்துக்கு 1902இலும் ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் அவர் எழுதிய ஆங்கில விளக்கங்கள் இலண்டனில் வெளிவந்தன. 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று கீழைத்தேய ஞானத்தைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவரிடம் ஞானம் கேட்டுப் பயின்ற ஹரிசன் என்ற அவுஸ்திரேலியப் பெண்மணி, பின்னர் லீலாவதி என்ற பெயருடன் அவரது இரண்டாவது துணைவியாரானார்.

உள்ளத்தில் ஏற்பட்ட மாற்றம் செயலிலும் தோன்றியது. 1904இல் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் பேசியபோது, தாய்மொழியையும் முன்னோர் வழக்கங்களையும் கைவிட்டு அந்நியரைப் போல வாழ முயல்வதைச் சிங்கள மக்களிடம் கண்டித்தார். 1906 வரை மன்றாடியார் நாயகம் என்னும் உயர்பதவியை வகித்து ஓய்வுபெற்ற பின், தந்தையார் 1857இல் கட்டிய கொச்சிக்கடைச் சிவாலயத்தைக் கருங்கல்லால் புதுக்கும் திருப்பணியில் இறங்கினார். 1907இல் தொடங்கிய பணி 1912இல் நிறைவெய்தியது. மருதனார்மடத்தில் 1913இல் பெண்பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவினார். திருநெல்வேலியில் 1921இல் எழுந்த பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில் 1974 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது.

அரசியல் வாழ்விலும் இதே இயல்பைக் காணலாம். 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயொரு ஆசனத்துக்குப் போட்டியிட்டு, ஏறக்குறைய மூவாயிரம் வாக்காளர் கொண்ட அத்தேர்தலில் வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். உயர்சாதிச் சிங்களவர் பலர், தம் இனத்தவரானாலும் வேறு சாதியினரான பெர்னாண்டோவைத் தவிர்த்து இராமநாதனை ஆதரித்தனர் என்பது வரலாறு. 1915இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிங்களவர் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். டி. எஸ். சேனநாயக்கா முதலானோர் சிறையிடப்பட்டனர். இராமநாதன் சபையில் துணிந்து முழங்கினார். யுத்தகாலத்துக் கடற்பயணத்தின் ஆபத்தையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று நீதி கோரினார். திரும்பிவந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

அதே வேளையில் கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்த முஸ்லிம் மக்களின் மனப்புண் ஆறவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் அவர் வாதிட்டதும் அவர்களின் மனத்தை நோகச் செய்திருந்தது. சிங்களத் தலைவர்களுடன் பழகியதைப் போல அவர் அம்மக்களுடன் நெருங்கியிருந்தால் அந்த வாதம் வேறு விதமாக அமைந்திருக்கலாம்.

பின்னர் காலம் மாறியது. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சிங்களத் தலைவர்கள் அளித்த வாக்கு நிறைவேறாததால், இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான தம்பி சேர் அருணாசலம் மனமுடைந்து அதிலிருந்து விலகினார். தேரிழுப்பது போல வண்டியிழுத்த கைகள் அகன்றதைக் கண்ட தமையனாரும் தமிழரின் எதிர்காலத்தை எண்ணிக் கவலையுற்றார். ஒன்றுபட்ட இலங்கை என்ற நம்பிக்கை அனுபவத்தால் அச்சமாக மாறியது.

இந்நிலையில் 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தது. அதுவரை மக்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கே வாக்குரிமை இருந்தது. இருபத்தொரு வயதடைந்த ஆண்களுக்கும் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கும் அதனை வழங்க ஆணைக்குழு சிபாரிசு செய்தது. இராமநாதன் இதனை வன்மையாக எதிர்த்தார். பெரும்பான்மையினரின் ஆட்சியில் தமிழர் நலிவர் என்ற அச்சம் ஒரு காரணம். கல்வியும் சொத்தும் இல்லாதவரும் பெண்களும் வாக்களிக்கத் தகுதியற்றவர் என்ற பழைய எண்ணம் மற்றொரு காரணம். பெண்களுக்குக் கல்லூரி கட்டிய பெரியாரே அவர்களுக்கு வாக்குரிமையை மறுத்தார். 1929 டிசம்பரில் சபை 19க்கு 17 என்ற வாக்குகளால் திட்டத்தை ஏற்றது. அடுத்த ஆண்டு முதுமையிலும் இலண்டன் சென்று அவர் முறையிட்டும் பயனில்லை. 1930 நவம்பர் 26ஆம் திகதி தமது எழுபத்தொன்பதாவது வயதில் சிவபதமடைந்தார். 1931இல் மக்கள் வாக்களித்தனர்.

அவரது முதலாவது அச்சம் வீணானதன்று என்பதை 1956இன் தனிச் சிங்களச் சட்டம் காட்டியது. இரண்டாவது எண்ணம் தவறென்பதைக் காட்டியதும் வரலாறே. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோனபோது, எளியவரின் வாக்கு எத்துணைப் பெரிய பலம் என்பதைத் தமிழினம் அதனை இழந்தே அறிந்தது.

குருவைச் சார்ந்தபோது இராமநாதன் ஞானியானார். சிங்களச் சகோதரரைச் சார்ந்தபோது அவர்களுக்காகக் கடல் கடந்தார். கூலியாளையும் ஏழைப் பெண்ணையும் தம்மோடு சரிசமமாக அமர்த்திப் பழக அவர் பிறந்த சமூகம் அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. அந்த ஓரிடத்தில் மட்டும் அவரது எண்ணம் இறுதிவரை மாறவில்லை.

அவர் எழுப்பிய கருங்கற் கோயிலில் இன்று தொழிலாளியும் முதலாளியும், ஆணும் பெண்ணும் ஒன்றாக நின்று கைகூப்புகின்றனர். யாவரையும் ஒருங்கே சேர்க்கும் இடம் ஆலயமே. அருகில் நிற்கும் அடியவரின் முகத்தையும் துன்பத்தையும் அறிந்துகொள்வதும் வழிபாட்டின் ஒரு பகுதியென உணர்ந்தால், அதுவே அப்பெரியாருக்குச் செலுத்தும் உண்மையான நன்றிக்கடனாகும். திருவருள் துணை நிற்பதாக.