கோல்கொண்டே கட்டிய நாகஷிமா

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி பக்கம் போனா, வழி முழுக்க மனை விற்பனை போர்டுதான். பசுமை வீடு என்பது இப்போ எல்லா விளம்பரத்திலும் வர்ற வார்த்தை. உப்பு விளைய வைக்கிற அதே வெயில்தான் இந்த வீடுகள் மேலயும் அடிக்கும். அந்த வெயிலை வெளியே நிறுத்தி, காத்தை மட்டும் உள்ளே விடுற கட்டடம் ஒண்ணு பாண்டிச்சேரியில் 1930களிலேயே எழ ஆரம்பிச்சது: அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி, கோல்கொண்டே. சைட்டில் நின்று அதைக் கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா.

1905ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் ஆர்கிடெக்சர் படிச்சுட்டு பாரிஸ், அப்புறம் டோக்கியோன்னு சுத்தினார். டோக்கியோவில் ஆன்டனின் ரேமண்டின் ஆபீஸில் வேலை. ரேமண்டுக்கு பாண்டிச்சேரி வேலை வந்ததும் நாகஷிமா இங்கே வந்து சேர்ந்தார். செலவுக்கான பணம் ஹைதராபாத் நிஜாம் அரசிலிருந்து வந்தது. கோல்கொண்டே என்ற பேரும் அதனாலதான்.

டிசைன் பார்க்க எளிமைதான். நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். வெயில் நேரா அடிக்கிற கிழக்கு, மேற்குச் சுவர்கள் குறுகலானவை. கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலா, கையால் திருப்புற சாய்வுப் பலகைகள். மழைன்னா மூடிக்கலாம், காத்து வேணும்னா திறந்துக்கலாம். அறைக்கு உள்பக்கம் இடுக்கு விட்ட தேக்குத் தள்ளுகதவு, சாத்தினாலும் காத்து ஓடும். கூரை ரெண்டு அடுக்கு: ஸ்லாபுக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடு, நடுவில் காத்து போக இடைவெளி. பலகைகள் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். இன்னைக்கு அதை யாரும் பசுமைன்னு சொல்ல முடியாது. கைப்பிடிகளை, பக்தர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தாங்க. உப்புக்காத்துல இரும்பு மாதிரி பித்தளை துருப்பிடிக்காது. இப்போ சோலார் பேனல், மழைநீர்த் தொட்டி எல்லாம் வைக்கிறாங்க, நல்லதுதான். ஆனா பெட்ரூம் மேற்கு பார்த்து இருந்தா ஏ.சி. ஓடத்தானே செய்யும்?

கட்டுமான வேலையில் ஆசிரமவாசிகளும் இறங்கினாங்க. நாகஷிமா சம்பளத்தை விட்டுட்டு அவர்களில் ஒருவரானார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். 1939ல், கட்டடம் முடியும் முன்பே, கிளம்பிட்டார்.

அமெரிக்கா திரும்பியவருக்கு 1942ல் விழுந்தது அடி. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களில் அடைத்தது. மனைவி, கைக்குழந்தையோடு ஐடஹோவின் மினிடோகா முகாமுக்குப் போனார். பலகை அடிச்சு தார் பேப்பர் சுத்தின கொட்டகை. கோடையில் கொதிக்கும், குளிரில் உறையும், புழுதி உள்ளே வரும். வெயில், மழை, காத்து எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுக் கட்டினவர் குடியிருந்தது, அப்படி ஒரு கணக்கும் போடாத வீட்டில்.

அங்கேதான் ஹிகோகவா என்ற தச்சரிடம் ஜப்பானியக் கைக்கருவிகளைப் பிடிக்கக் கத்துக்கிட்டார். 1943ல் ரேமண்ட் பொறுப்பேற்று அவரை வெளியே கொண்டுவந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் தன் பண்ணையில் வைத்துக்கொண்டார். உலகம் அவரை அறிந்தது அதுக்கப்புறம் செய்த மேஜை, நாற்காலிகளால்தான். முடிச்சும் விரிசலும் இருந்த பலகையை ஒதுக்காம, விரிசலை வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டால் இணைப்பார். 1964ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் மரச்சாமான் வடிவமைத்தார். 1990ல் இறந்தார்.

கோல்கொண்டேயில் இன்னும் ஆட்கள் தங்குறாங்க. பலகைகளை இன்னும் கையாலதான் திருப்புறாங்க.