ஊக்கம் உயர்த்திய வீரர்

விளையாட்டுத் துறையில் புகழ் பெற்றோரை மதிப்பிடுங்கால் மக்கள் இருவேறு அளவுகோல்களைக் கைக்கொள்வர். ஒரு சாரார் இயற்கைத் திறனையே பெரிதெனப் போற்றுவர். கண்ணின் கூர்மையும், கையின் விரைவும், காலின் இயக்கமும் பிறவியிலேயே அமைதல் வேண்டும் என்பதும், அவை அமையாதார் எத்துணை முயன்றாலும் முதல் வரிசையில் நிற்றல் அரிது என்பதும் அவர்தம் கருத்தாகும். மற்றொரு சாரார், வென்றே தீர்வது என்னும் ஊக்கமே வீரரை உருவாக்குகிறது என்பர். இவ்விரு கருத்துகளையும் உரைத்துப் பார்த்தற்குப் பிரெஞ்சு நாட்டு டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்டின் வாழ்க்கை நல்லதோர் உரைகல்லாக விளங்குகிறது.

லாகோஸ்ட் 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இரண்டாம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் மோட்டார் வண்டித் தொழிலில் உயர்ந்த பதவி வகித்தவர்; செல்வர். லாகோஸ்ட் தம் பதினைந்தாம் வயதில் தந்தையாருடன் இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோதுதான் டென்னிஸ் ஆட்டத்தில் முதன்முதல் ஈடுபட்டார். புகழ் பெற்ற ஆட்டக்காரர் பலர் ஏழெட்டு வயதிலேயே மட்டையைக் கையில் ஏந்தியவர்கள். அவர்களோடு ஒப்பிடின் லாகோஸ்ட் காலந்தாழ்த்துத் தொடங்கியவரே ஆவார். அவருடைய உடலும் வலிமை மிக்கதன்று. கண்டவுடன் பிறர் வியக்கத்தக்க ஆற்றல் எதுவும் அவருடைய ஆட்டத்தில் தோன்றவில்லை.

மகன் உயர்கல்வி பெற்றுத் தொழில் துறையில் சிறக்க வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். மகனோ டென்னிஸ் ஆட்டத்திற்கே தம்மை ஒப்படைக்கத் துணிந்தார். தந்தையார் அவ்விருப்பத்தைத் தடுத்தாரல்லர். ஆயினும் ஐந்தாண்டுகளுக்குள் உலகில் தலைசிறந்த ஆட்டக்காரராதல் வேண்டும் என்று ஒரு வரம்பை விதித்தார் என்பர். அவ்வரம்பு மகனுக்குச் சுமையாகாமல் தூண்டுகோலாக அமைந்தது.

தம்மிடம் இல்லாதது இது, இருப்பது இது என்பதனை லாகோஸ்ட் தெளிவாக உணர்ந்தார். இல்லாததை எண்ணி வருந்துவதை விடுத்து, இருப்பதனைக் கொண்டு எவ்வாறு முன்னேறலாம் என்று சிந்தித்தார். நாள்தோறும் சுவரின்மீது பந்தை அடித்து, ஒவ்வோர் அடியையும் பிழை நீங்கும்வரை பழகினார். தம்முடன் ஆடுவதற்கு எந்நேரமும் துணைவர் கிடைப்பதில்லை என்பதனைக் கண்டு, பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வீசும் பொறியொன்றனைத் தாமே அமைத்தார். மனிதர் களைப்படைவர், பொறி களைப்படையாது. அதன் எதிரே நின்று, தமக்குக் கடினமாகத் தோன்றிய அடிகளை மீண்டும் மீண்டும் அடித்துப் பயின்றார்.

அவரிடம் குறிப்பேடுகளும் இருந்தன. உலகின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கூர்ந்து நோக்கி, அவர்கள் எந்தப் பக்கம் வரும் பந்தை எளிதில் அடிக்கின்றனர், எந்தப் பக்கத்தில் தடுமாறுகின்றனர், நெருக்கடி வந்துற்றபோது என்ன செய்கின்றனர் என்பவற்றையெல்லாம் அவற்றில் எழுதி வந்தார். தேர்வுக்குச் செல்லும் மாணவன் பாடத்தைப் படிப்பது போல், ஒவ்வொரு போட்டிக்கும் முன்னர் எதிராளியின் ஆட்டத்தை அவர் படித்தார்.

அக்காலத்தில் பிரெஞ்சு நாட்டில் லாகோஸ்டைத் தவிர மூவர் சிறந்து விளங்கினர். கோஷே, பொரோத்ரா, புருன்யோன் என்பன அவர்தம் பெயர்கள். இந்நால்வரையும் மக்கள் நான்கு துப்பாக்கி வீரர்கள் என்று செல்லமாக அழைத்தனர். இவர்களுள் ஹென்றி கோஷே இயற்கைத் திறனுக்கே எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டவர். பந்து தரையிற் பட்டு மேலெழும் அந்நொடியிலேயே அதனை அடித்துத் திருப்பும் ஆற்றல் அவருக்கு இருந்தது. பிறர் நிற்க அஞ்சும் இடத்தில் நின்று, சிறிதும் முயற்சியின்றி ஆடுவார்போல் அவர் ஆடினார். பயிற்சியில் அவருக்கு விருப்பம் குறைவு என்றும் கூறுவர். எனினும் அவருடைய இளமையையும் நோக்குதல் வேண்டும். லியோன் நகரில் அவர் தந்தையார் ஒரு டென்னிஸ் கழகத்தில் பணியாற்றினார். சிறுவன் கோஷே அங்கே பந்து பொறுக்கிக் கொடுத்தும், களம் ஒழிந்த வேளைகளில் ஆடியும் வளர்ந்தான். பிறவித் திறன் என்று பிறர் போற்றியதில், அவ்விளமைப் பழக்கத்திற்கும் பங்கு உண்டு.

1923ஆம் ஆண்டில் லாகோஸ்ட் டேவிஸ் கோப்பைப் போட்டியில் தம் நாட்டிற்காக ஆடத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் விம்பிள்டன் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்று, பொரோத்ராவிடம் தோல்வியுற்றார். அடுத்த ஆண்டே அதே களத்தில் அதே பொரோத்ராவை வென்று வாகை சூடினார். அவ்வாண்டில் பிரெஞ்சுப் போட்டியிலும் அவரே வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

இந்நாட்களில் அவருக்குச் சிறப்புப் பெயர் ஒன்று வழங்கலாயிற்று. போட்டியொன்றில் வென்றால் முதலைத் தோலாலான பெட்டி ஒன்றை வாங்கித் தருவதாக அணித் தலைவர் பந்தயம் கட்டினார். லாகோஸ்ட் அவ்வாட்டத்தில் தோற்றார், பெட்டி கிடைக்கவில்லை, முதலை என்னும் பெயர் மட்டும் நிலைத்தது. முதலை தான் கொண்டதை விடாது என்பது தமிழ்நாட்டிலும் வழங்கும் உண்மை. எந்தப் பந்தையும் விட்டுக்கொடாமல் திருப்பியடித்துக்கொண்டே இருந்த லாகோஸ்டுக்கு அப்பெயர் மிகப் பொருந்தியது.

அந்நாளில் டென்னிஸ் உலகின் முடிசூடா மன்னராக விளங்கியவர் அமெரிக்கராகிய பில் டில்டன். 1920 முதல் 1925 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து தம் நாட்டுப் போட்டியில் அவர் வெற்றி பெற்றார். அவருடைய திறனைத் தெய்வத்தின் கொடை என்றே பலர் கருதினர். ஆயின் அவரும் 1919ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் பில் ஜான்ஸ்டனிடம் தோற்றவரே. அத்தோல்விக்குப் பின் குளிர்காலம் முழுவதும் தம் புறங்கை அடியைத் திருத்திப் பழகிய பின்னரே அவர் தலைமை எய்தினார்.

டேவிஸ் கோப்பை நாடுகளுக்கிடையே நடைபெறும் போட்டியாகும். அக்காலத்தில் நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் ஆக ஐந்து ஆட்டங்களுள் மூன்றில் வென்ற நாடே கோப்பையைப் பெற்றது. 1920 முதல் ஏழு ஆண்டுகள் அக்கோப்பை அமெரிக்காவிடமே இருந்தது. 1926ஆம் ஆண்டில் அமெரிக்கா மீண்டும் வென்றபோதிலும், அப்போட்டியில் லாகோஸ்ட் டில்டனைத் தோற்கடித்தார். வெல்லற்கரியர் எனக் கருதப்பட்டவரும் வெல்லத்தக்கவரே என்பது அன்று புலனாயிற்று.

1927ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிலடெல்பியா நகரில் இரு நாடுகளும் மறுபடியும் எதிர்நின்றன. முதல் நாளில் லாகோஸ்ட் ஜான்ஸ்டனை எளிதில் வென்றார். டில்டன் கோஷேயை வென்றார். இரண்டாம் நாளில் இரட்டையர் ஆட்டத்தில் டில்டனும் அவர் துணைவரும் ஐந்து சுற்றுகள் ஆடி வெற்றி கண்டனர். அமெரிக்காவுக்கு இன்னும் ஒரே வெற்றி போதும் என்னும் நிலை ஏற்பட்டது. மூன்றாம் நாளில் லாகோஸ்ட் டில்டனை எதிர்த்து ஆடினார். டில்டனுக்கு வயது முப்பத்து நான்கு. முந்திய இரு நாள் ஆட்டத்தால் அவர் களைத்திருந்தார். லாகோஸ்ட் விரைந்து வெல்ல முற்படவில்லை. டில்டன் இடியென அடித்த பந்துகளையெல்லாம் சலியாது திருப்பினார்; அவரை இங்குமங்கும் ஓடச் செய்தார். நான்கு சுற்றுகளில் ஆட்டம் முடிந்தது; வெற்றி லாகோஸ்டுடையதாயிற்று.

எனினும் கோப்பை இன்னும் கைக்கு வரவில்லை. எஞ்சிய ஓர் ஆட்டத்தில் கோஷே ஜான்ஸ்டனை எதிர்த்தார். தமக்கே உரிய எளிமையோடு ஆடி அவரும் வென்றார். பிரெஞ்சு நாடு முதன்முறையாக டேவிஸ் கோப்பையைப் பெற்றது. ஊக்கம் கோப்பையின் வாயிலைத் திறந்தது. இயற்கைத் திறன் உட்புகுந்து அதனைக் கைப்பற்றியது. இரண்டனுள் ஒன்று இல்லாதிருப்பினும் அவ்வெற்றி கிட்டியிராது. 1932ஆம் ஆண்டு வரை அக்கோப்பை பிரெஞ்சு நாட்டிலேயே இருந்தது.

லாகோஸ்டும் கோஷேயும் ஒருவரையொருவர் எதிர்த்தும் பன்முறை ஆடினர். 1926ஆம் ஆண்டு அமெரிக்கப் போட்டியில் முதல் இரு சுற்றுகளையும் கோஷேயிடம் இழந்த லாகோஸ்ட், பின் மூன்றையும் வென்று மேற்சென்றார். 1928ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் போட்டியின் இறுதியாட்டத்தில் கோஷே வென்றார். சில வாரங்களில் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் லாகோஸ்ட் வென்றார். பிரெஞ்சு நாடு, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய மூன்றன் பெரும்போட்டிகளில் எல்லா நாட்டினரும் கலந்துகொண்டவற்றைக் கணக்கிடின், இருவரும் ஒற்றையர் ஆட்டத்தில் ஏழு ஏழு வெற்றிகள் பெற்றமை புலனாகும். பிறந்ததுமுதல் வாய்த்தது என்று சொல்லப்பட்ட திறனும், நாளும் உழைத்துத் தேடிய திறனும் நிறைகோலின் இரு தட்டுகளிலும் ஒத்து நின்றன.

ஆயினும் அவ்வுழைப்புக்கு லாகோஸ்ட் கொடுத்த விலை பெரிது. நெஞ்சக நோய் அவரை வாட்டியது. 1929ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் போட்டியின் இறுதியாட்டத்தில் பொரோத்ராவை ஐந்து சுற்றுகளில் வென்றதே அவர் பெற்ற கடைசிப் பெருவெற்றியாகும். இருபத்தைந்தாம் வயதிலேயே அவர் பெரும்போட்டிகளினின்றும் விலகினார். 1932ஆம் ஆண்டில் சிறிது காலம் மீண்டும் ஆட முயன்றும் அது நீடிக்கவில்லை. அவ்வாண்டிலும் கோஷே பிரெஞ்சுப் போட்டியில் வென்றார். தேடிப் பெற்ற திறன் உடலைத் தேய்த்தது. எளிதாக ஆடியவரோ நெடுங்காலம் ஆடினார். இவ்வேறுபாட்டையும் மறத்தல் ஆகாது.

களத்தை விட்டு நீங்கிய பின்னரும் லாகோஸ்டின் ஊக்கம் ஓயவில்லை. அக்காலத்து ஆட்டக்காரர்கள் முழுக்கை கொண்ட விறைப்பான சட்டை அணிந்து வியர்வையில் துன்புற்றனர். அவரோ பருத்தி நூலாற் பின்னிய அரைக்கைச் சட்டையைத் தாம் ஆடிய காலத்திலேயே அணிந்தார். 1933ஆம் ஆண்டில் அத்தகைய சட்டைகளை விற்கும் நிறுவனமொன்றனைப் பங்காளி ஒருவருடன் நிறுவினார். தம் சிறப்புப் பெயராகிய முதலையின் உருவையே அவற்றில் பொறித்தார். மட்டைகளெல்லாம் மரத்தாலாகிய காலத்தில் எஃகாலாகிய மட்டையொன்றனை வகுத்து, 1963ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். பொறி செய்து பயின்ற இளைஞரின் ஆராயும் உள்ளம் முதுமையிலும் விழித்திருந்தது. 1996ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

ஒரு வீரரின் பெருமையை அளக்க வெற்றிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது; இயற்கை அவருக்கு அளித்தது எவ்வளவு, அதனோடு அவர் சேர்த்தது எவ்வளவு என்பதனையும் நோக்குதல் வேண்டும். இயற்கையின் கொடை கண்டு வியத்தற்குரியது; ஆயின் அதனைப் பெற்றமை ஒருவருடைய செயலன்று. குறைவாகப் பெற்றதனை ஊக்கத்தால் நிறைவாக்குதலே ஒருவர் தாமே செய்யத்தக்க செயலாகும். கோஷேயின் ஆட்டத்தைக் கண்டு மகிழலாம். அவ்வாறு ஆடுதல் சிலர்க்கே இயலும். லாகோஸ்டின் வழியோ குறிப்பேடு ஒன்றும், சுவர் ஒன்றும், தளராத உள்ளமும் உடைய யாவர்க்கும் திறந்திருக்கிறது.