காத்திருந்த செவிகள்

1937 செப்டம்பரில் லண்டன் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம் 'தி ஹாபிட்' என்னும் சிறுவர் மாயக்கதையை வெளியிட்டது. முதல் அச்சான 1,500 படிகளும் அவ்வாண்டு டிசம்பருக்குள் விற்றுத் தீர்ந்தன. அதை எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்துவந்த 45 வயதுப் பேராசிரியர். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அடுத்த கதையை உடனே கேட்டார். தாம் இருபது ஆண்டுகளாக எழுதிச் சேர்த்திருந்த தொன்மக் கதைகளை டோல்கீன் அனுப்பிவைத்தார். பதிப்பகம் அவற்றை ஏற்கவில்லை. ஹாபிட்டுகள் என்னும் குள்ள மனிதர்களின் கதையையே அது மீண்டும் விரும்பிற்று. அந்த டிசம்பரிலேயே புதிய கதையின் முதல் அத்தியாயம் எழுதப்பட்டது. சூடு ஆறுவதற்குள் நூல் வரவேண்டும் என்பது பதிப்பாளரின் எதிர்பார்ப்பு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முழுமையாக வெளிவந்தபோது ஆண்டு 1955.

இடையில் கழிந்த காலத்தில் அந்த எழுத்து பலமுறை நின்றது. நின்றபோதெல்லாம் அதை மீண்டும் நடக்கவைத்தது எது என்பதே டோல்கீனின் வாழ்க்கையில் படைப்பாளிகள் கவனிக்கத்தக்க பகுதி.

1892 ஜனவரி 3 அன்று தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைன் நகரில் அவர் பிறந்தார். நான்கு வயதில் தந்தையையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தார். பர்மிங்காம் பள்ளியில் அவருக்கு உறவாக வாய்த்தவர்கள் நண்பர்கள். பள்ளி நூலகத்திலும் தேநீர்க் கடையிலும் கூடிக் கவிதையும் கனவும் பேசிய சிறு குழு அது. அதன் மையமாயிருந்த நால்வரில் ராப் கில்சன் 1916 ஜூலை 1 அன்று சோம் போர்க்களத்தில் மாண்டார். ஜி.பி. ஸ்மித் அதே ஆண்டு டிசம்பரில் காயமுற்று இறந்தார். தாம் மடிந்தாலும், தாங்கள் சொல்ல எண்ணியவற்றை டோல்கீன் சொல்லவேண்டும் என்று ஸ்மித் முன்னரே கடிதம் எழுதியிருந்தார். அகழிக் காய்ச்சலால் போர்முனையிலிருந்து திரும்பியிருந்த டோல்கீன், அதன்பின் தம் தொன்மக் கதைகளை எழுதத் தொடங்கினார்.

1925இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானபின் அவருடைய பொழுது அவருடையதாக இல்லை. விரிவுரைகள், கல்லூரிக் கூட்டங்கள், நான்கு குழந்தைகள் கொண்ட குடும்பம். வருவாய் போதாமையால் கோடை விடுமுறைகளில் பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்தினார். மாணவர் ஒருவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில்தான் 'தி ஹாபிட்' கதையின் முதல் வாக்கியம் பிறந்தது. போர்க்காலத்துக் காகிதப் பஞ்சத்தில், பழைய தேர்வுத் தாள்களின் வெற்றிடங்களிலேயே புதிய நாவலின் பகுதிகள் எழுதப்பட்டன.

நாவலோ அவர் சொற்படி கேட்கவில்லை. தொடக்கத்தில் கதாநாயகனின் பெயர் பிங்கோ. ஃப்ரோடோ என்னும் பெயர் பின்னர் வந்தது. சத்திரத்தின் மூலையில் முகம் மறைத்து அமர்ந்திருந்த அந்நியன், முதல் படிகளில் மரக்காலணி அணிந்த ஒரு ஹாபிட். அவன் நாடிழந்த அரச மரபினன் என்பது எழுதிக்கொண்டு போகையில்தான் ஆசிரியருக்கே தெரியவந்தது. ஒன்றைத் திருத்தினால் முன்னுள்ளவை அனைத்தையும் திருத்தவேண்டும். அவரும் முதலிலிருந்தே மீண்டும் எழுதினார். போரின் தொடக்க ஆண்டுகளில் கதை மோரியா என்னும் சுரங்க நகரை அடைந்து, அங்கே ஒரு கல்லறையின் அருகில் நின்றுவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு அது நகரவில்லை. 1942 டிசம்பரில், கதை 31ஆம் அத்தியாயத்தை எட்டிவிட்டது என்றும் இன்னும் ஆறு அத்தியாயங்களாவது வேண்டும் என்றும் பதிப்பாளருக்கு எழுதினார். முடிந்த நூலில் உள்ளவை 62 அத்தியாயங்கள்.

அவருடைய உள்ளத்து அச்சத்தை 'லீஃப் பை நிக்கிள்' என்னும் சிறுகதை காட்டுகிறது. 1945இல் அச்சேறிய இக்கதையின் நாயகன் ஓர் எளிய ஓவியன். ஓர் இலையை வரையத் தொடங்குகிறான், அது மரமாகிறது, மரத்தின் பின்னால் நாடும் மலையும் எழுகின்றன. அண்டை வீட்டானின் தேவைகள் அவன் வேலையை இடைமறித்துக்கொண்டே இருக்கின்றன. தவிர்க்கமுடியாத பயணம் ஒன்றுக்கு அழைப்பு வரும்போது ஓவியம் முடிந்திருக்கவில்லை. பதிப்பாளர் குறிக்கும் தேதியைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட முடியாத தேதி ஒன்று உண்டு என்பதை ஐம்பது வயதையொட்டிய டோல்கீன் அறிந்திருந்தார். அந்த அறிவும்கூட எழுதுகோலை நகர்த்தப் போதவில்லை.

நகர்த்தியவர் சி.எஸ். லூயிஸ். இருவரும் 1926இல் அறிமுகமாயினர். டோல்கீனின் நெடுங்கவிதை ஒன்றை 1929 இறுதியில் படித்த லூயிஸ், கற்பனையான அறிஞர்கள் சிலர் அக்கவிதைக்கு உரை எழுதியதுபோல் பாவித்து, நிறையும் குறையும் வரிவரியாகச் சுட்டி எழுதினார். எழுதியவர் மனம் புண்படாமலும் உண்மை குறையாமலும் சொல்வதற்கு அவர் கண்ட வழி அது. அந்த நட்பைச் சுற்றி 'இங்க்லிங்ஸ்' என்னும் குழு திரண்டது. அதற்குச் சட்டதிட்டமோ பதவியோ இல்லை. வியாழக்கிழமை இரவுகளில் மாட்லின் கல்லூரியிலிருந்த லூயிஸின் அறையில் கூடுவார்கள், தேநீர் வரும், யார் என்ன எழுதியிருக்கிறார் என்ற கேள்வி எழும், ஒருவர் படிப்பார், மற்றவர்கள் தயவின்றி விமரிசிப்பார்கள். புதிய நாவல் அந்த அறையில்தான் அத்தியாயம் அத்தியாயமாக ஒலித்தது. எல்லாரும் அதை விரும்பவில்லை. ஹியூகோ டைசனுக்கு அது பிடிக்காமற்போகவே, பிற்காலத்தில் அவர் வந்த இரவுகளில் வாசிப்பு நின்றது. ஆயினும் அடுத்த பகுதி எங்கே என்று கேட்கும் குரல் லூயிஸிடம் ஓயவில்லை.

1943இல் பெரும்பகுதி வீணாயிற்று. 1944 மார்ச்சில் லூயிஸ் விடாது நெருக்கினார். ஏப்ரலில் எழுத்து மீண்டும் தொடங்கியது. அப்போது இளைய மகன் கிறிஸ்டோஃபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். சிறுவனாயிருந்தபோதே கதவின் நிறம் முன்பு நீலம், இப்போது பச்சையா என்று தந்தையின் கதையில் குறை கண்டுபிடித்தவர் அவர். அத்தியாயங்கள் எழுத எழுத, லூயிஸுக்கும் சார்லஸ் வில்லியம்ஸுக்கும் வாசிக்கப்பட்டன; பின் தட்டச்சில் கடல்கடந்து மகனுக்குச் சென்றன. ஃப்ரோடோவும் சாமும் மோதிரத்தைச் சுமந்து பகைவன் நாட்டெல்லைவரை செல்லும் பத்து அத்தியாயங்களும் மே மாத இறுதிக்குள் முடிந்தன. பல ஆண்டுகள் இழுத்தடித்த நாவல், காத்திருப்போர் யார் என்று தெரிந்தபோது இரண்டு மாதங்களில் அத்தனை தூரம் சென்றது.

1945 மே மாதம் வில்லியம்ஸ் இறந்தார். கதை மீண்டும் தேங்கியது. பேராசிரியப் பொறுப்பும் மாறியது. எனினும் 1949இல் நூல் முடிந்தது. தட்டச்சருக்குக் கொடுக்கப் பணமின்றிப் பெரும்பகுதியைத் தாமே தட்டச்சிட்டார். அக்டோபரில் முழுப் படியையும் படித்த லூயிஸ் வியந்து எழுதினார். அதே மாதம் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வர ஆளில்லாமற்போயிற்று; அந்த வாசிப்பு இரவுகள் ஓய்ந்தன.

பின்னும் தடை நீங்கவில்லை. தொன்மக் கதைகளும் உடன் வெளிவரவேண்டும் என்ற டோல்கீனின் பிடிவாதத்தால் சில ஆண்டுகள் சென்றன. 1952இல் ஸ்டான்லியின் மகன் ரேனர் அன்வின் நாவலை மீட்டுக்கொண்டார். பத்து வயதில் 'தி ஹாபிட்' கையெழுத்துப் படியைப் படித்து மதிப்புரைத்து ஒரு ஷில்லிங் பெற்ற சிறுவன் அவரே. ஆயிரம் பவுன் நட்டம் வரலாம் என்று அறிந்தே பதிப்பகம் இறங்கியது. முதல் இரு தொகுதிகள் 1954 ஜூலையிலும் நவம்பரிலும் வந்தன. மூன்றாவது தொகுதி, பின்னிணைப்புகளை டோல்கீன் முடித்துத் தருவதற்குக் காத்துக் கிடந்தது. ஃப்ரோடோவைப் பகைவர் பிடியில் விட்டுவிட்டு வாசகர்கள் பதினோரு மாதம் தவித்தனர். 1955 அக்டோபர் 20 அன்று அது வெளியாயிற்று.

இளமையில் தொடங்கிய தொன்மக் கதைகள்மட்டும் முடியவில்லை. இப்போது புகழ் இருந்தது. பதிப்பகம் கேட்டுக்கொண்டே இருந்தது. உலகமெங்கும் வாசகர் இருந்தனர். முதுமையும் ஓயாது திருத்தும் இயல்பும் தடுத்தன. வியாழக்கிழமை அறையும் இல்லை. நட்பில் விரிசல் கண்டிருந்த லூயிஸ் 1963இல் மறைந்தார். அவரிடமிருந்து தமக்குக் கிடைத்தது செல்வாக்கன்று, ஊக்கமே என்று டோல்கீன் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தம் எழுத்து தனிப்பொழுதுபோக்குக்கும் மேலானது என்று நம்பவைத்தவர் அவரே என்றும் எழுதினார்.

1973 செப்டம்பர் 2 அன்று டோல்கீன் காலமானார். மேசையிலும் பெட்டிகளிலும் கிடந்த தாள்களைக் கதவின் நிறம் கேட்ட மகன் எடுத்துக்கொண்டார். 'தி சில்மரில்லியன்' 1977இல் வெளிவந்தது. கைவிட்ட படிகளும் அடித்த பெயர்களும் 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளாயின. 2020இல் 95ஆம் வயதில் மறையும்வரை, தந்தையின் கதையை முதலில் கேட்ட செவிகளுள் ஒன்று அதற்கு உண்மையாயிருந்தது.