தந்தி ஆபீஸ் ஆலிவர்

'டிப்ளமோ மட்டும்தானா?' என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஆலிவர் ஹெவிசைடு. டிப்ளமோகூட இல்லாதவர்!

1850-ல் லண்டனில் பிறந்தார். அப்பா மரக்கட்டையில் படம் செதுக்குபவர். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் காது பாதி போச்சு. 16 வயதோடு பள்ளிக்கூடமும் போச்சு. அம்மாவின் சகோதரி கணவர் வீட்ஸ்டோன். நம்ம லேபில் பிரிட்ஜாக இருக்கிறாரே, அவரேதான். தந்தி வேலைக்குப் போன ஆலிவர் 24 வயதில் அதையும் விட்டுவிட்டு, பெற்றோர் வீட்டில் மேக்ஸ்வெல் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தது நான்தான். இப்படி ஒருநாள் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எழுதவே பயமா இருக்கு!

மேக்ஸ்வெல்லின் 20 சமன்பாடுகளை நாம் படிக்கும் 4 ஆகச் சுருக்கியவர் இவர்.

இன்று கம்ப்யூட்டரில் ஆன்டெனா சிமுலேஷன் போடுகிறோம். இடத்தைக் குட்டிப் பெட்டிகளாக வெட்டி, பெட்டிக்குப் பெட்டி மேக்ஸ்வெல் கணக்குப் போடுவது ஒரு முறை. 1 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 செ.மீ.; 1 செ.மீ. பெட்டி தாராளம். ஆனால் செம்பில் அந்த மின்னோட்டம் மேல்தோலில் சுமார் 2 மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுது. அந்த அளவுக்குப் பெட்டியை வெட்டினால் ஒன்று 12,500 கோடியாகும்! நேரப் படியும் கூடவே சுருங்கும். எந்த மெஷின் தாங்கும்? அதனால் உலோகத்துக்குள் வெட்டாமல், அதன் மேற்பரப்புக்கு ஒரு இம்பீடன்ஸ் மதிப்பைக் கொடுத்துவிடுவார்கள். தோலுக்குள் நடக்கும் கூத்தெல்லாம் அந்த ஒரு மதிப்பில் அடங்கிடும். கம்பியில் மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டி ஓடுவதை 1885-லேயே கணக்கில் காட்டியவர் ஹெவிசைடு. இம்பீடன்ஸ் என்ற சொல்லே 1886-ல் அவர் வைத்த பெயர்!

தொலைபேசிக் கம்பியில் இண்டக்டன்ஸைக் கூட்டினால் பேச்சு சிதையாது என்றும் சொன்னார். தபால் துறையில் பெரிய பதவியிலிருந்த ப்ரீஸுக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் ஆர்தரும் அதே துறையில் எஞ்சினியர். இருவரும் சேர்ந்து எழுதின கட்டுரையை 1887-ல் ப்ரீஸ் வெளிவர விடவில்லை. பட்டமில்லாத ஆள் யாரிடம் போய் முறையிடுவது? அந்த யோசனைக்கு 1900-ல் அமெரிக்காவில் பேடன்ட் வாங்கிப் பணம் பார்த்தவர் பூபின் என்ற பேராசிரியர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

1891-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1922-ல் மின் பொறியாளர் சங்கம் தன் முதல் ஃபாரடே பதக்கத்தை அவருக்கே கொடுத்தது. அவர் வாங்க வரவில்லை. சங்கத் தலைவரே டார்க்கீ ஊரிலிருந்த அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். 1925 பிப்ரவரி 3-ல் அதே ஊரில் ஆலிவர் காலமானார்.