கம்ப்யூட்டருக்கு வாரிசு முறை சொன்ன கிறிஸ்டன் நைகார்ட்



வைவாவில் இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம் என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டாலே நமக்குத் தொண்டை வறண்டு போகும். மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு ஓடி வந்துவிடுவோம். இவற்றைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்த இருவரில் ஒருவர் நார்வே நாட்டுக் கிறிஸ்டன் நைகார்ட். அவர் கதை தெரிந்தால் மனப்பாடமே வேண்டாம்.

1926 ஆகஸ்ட் 27-ல் ஆஸ்லோ நகரில் பிறந்தவர். 1948-ல் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நார்வேயின் முதல் அணு உலைக்கு யுரேனியத் தண்டின் விட்டம் எவ்வளவு இருக்கணும் என்று கணக்கிடும் பணி வந்தது. சூத்திரத்தில் அடங்காத கணக்கு அது. உள்ளே நடப்பதை நடப்பது போலவே நடத்திப் பார்த்துத்தான் விடை காண வேண்டும். இதற்குப் பெயர்தான் சிமுலேஷன். வேலை பார்த்துக்கொண்டே 1956-ல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

1960-ல் நார்வே கம்ப்யூட்டர் மையத்துக்கு மாறினார். அங்கே ஓலே-யோஹான் டால் என்ற நண்பரோடு சேர்ந்து சிமுலா என்ற மொழியை உருவாக்கினார். அதில் ஒரு சிக்கல் வந்தது. பாலத்துச் சுங்கச் சாவடியில் லாரியும் பஸ்ஸும் வரிசையில் நிற்கின்றன. லாரிக்குச் சரக்கு, பஸ்ஸுக்குப் பயணிகள். ஆனால் வரிசையில் நிற்பது இரண்டுக்கும் பொது. பொதுவானதை ஏன் இரண்டு தடவை எழுதணும்? வண்டி என்று ஒரு கிளாஸ் எழுதினால் போதும். லாரியும் பஸ்ஸும் அதன் பிள்ளைகள். தாய் கிளாஸில் உள்ளதெல்லாம் பிள்ளைக்குத் தானாக வரும், தனக்கு வேண்டியதை மட்டும் பிள்ளை சேர்த்துக்கொள்ளும். இதுதான் இன்ஹெரிட்டன்ஸ். 1967-ல் வந்த சிமுலா 67-ல் இது இடம்பெற்றது.

பாலிமார்பிசத்துக்கு நம்ம சங்கரன்கோவில் தறியையே எடுத்துக்கொள்வோம். தறி என்பது தாய் கிளாஸ். கைத்தறி, விசைத்தறி இரண்டும் பிள்ளைகள். ஓட்டு என்று கட்டளை கொடுத்தால் ஒன்று மிதியிலும் கையிலும் ஓடும், இன்னொன்று மோட்டாரில் ஓடும். கட்டளை ஒன்றுதான், செய்யும் விதம் வேறு. எந்தத் தறி என்று கட்டளை இடுபவர் பார்க்க வேண்டியதில்லை. நாளைக்குப் புது மாதிரித் தறி வந்தாலும் பழைய புரோகிராம் அப்படியே ஓடும். அவ்வளவுதான்!

சிமுலாவைப் பயன்படுத்தி அனுபவம் பெற்ற பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979-ல் தொடங்கிய வேலைதான் பின்னாளில் சி பிளஸ் பிளஸ் ஆனது. 1995-ல் வந்த ஜாவாவும் இந்த வம்சம்தான்.

ஆனால் நைகார்டை நாம் நினைக்க வேண்டிய காரணம் இன்னொன்று உண்டு. ஒரு தொழிற்சாலையின் வேலையைக் கம்ப்யூட்டரில் அப்படியே வரைந்துவிடலாம் என்று காட்டியவர் அவர். அந்த வரைபடத்தை நிர்வாகம் மட்டும் கையில் வைத்திருந்தால் தொழிலாளி கதி என்ன என்ற கவலையும் அவருக்கே வந்தது. 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். கம்ப்யூட்டர் தங்கள் பட்டறையில் என்ன செய்யப் போகிறது என்று தொழிலாளர்களே படித்துத் தெரிந்துகொள்ளப் பாடநூல் தயாரானது. புது இயந்திரம் வரும்போது தொழிலாளரையும் கலந்து பேசும் ஒப்பந்தங்கள் அந்த நாட்டில் வர இந்த முயற்சி வழி திறந்தது.

2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. 2002 ஜூன் 29-ல் டால் மறைந்தார். ஆறு வாரத்தில், ஆகஸ்ட் 10-ல், நைகார்டும் போய்ச் சேர்ந்தார்.

நண்பர்களே! நம்மில் எத்தனை பேர் தறிச் சத்தத்தில் படித்து வளர்ந்தவர்கள்! நாளைக்கு ஏதாவது ஒரு மில்லுக்குப் புரோகிராம் எழுதும் வேலை நமக்கு வரலாம். அன்றைக்கு முதலில் மேனேஜர் அறைக்குப் போவோமா, தறி ஓட்டுகிற அண்ணாச்சியிடம் போவோமா? அந்த வேலை தெரிந்தவர் அவர்தான். நாம் எழுதப்போவது அவர் பிழைப்பு. அவரிடம் கேட்டு எழுதுவோம். அவருக்குப் புரியும்படி சொல்லியும் கொடுப்போம். நைகார்டிடமிருந்து நமக்கு வர வேண்டிய வாரிசுச் சொத்து அதுதான்.