ஒரே ஒரு பஸ்!

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு வேப்பங்காய்!

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது! நாயுடு மலைத்துப் போனார். அதுபோல் ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு மேல் காசாகச் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றினாரா? அதுதான் இல்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார். மெக்கானிக் தொழிலை அவர் கற்றது இப்படித்தான்.

1920-ல் பஸ் தொழிலில் இறங்கினார். கைப்பணம் போதவில்லை. கோவைத் தொழில் அதிபர் ஸ்டேன்ஸ் துரை கை கொடுத்தார். இருந்ததோ ஒரே ஒரு பஸ். அது ஓடினால்தான் பிழைப்பு. நின்றால் பிழைப்பும் நின்றுவிடும்.

பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது. டிரைவர் யார் தெரியுமா? முதலாளியேதான்! வண்டி வழியில் படுத்துக் கொண்டால் பழுது பார்க்கவும் அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு பஸ், யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டாரும் தயாரித்தார்.

1974 ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார்.